எண்ணெய்ச் சொட்டுக்குள் தெரிந்தவர்

மதிப்பிற்குரிய எர்ன்ஸ்ட் அபே ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் 1905 ஜனவரியில் மறைந்தீர்கள். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, ஓர் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காசநோய்க்கான சளி ஸ்லைடுகளைப் பார்ப்பது என் வேலை. முதல் வாரம், மைக்ராஸ்கோப்பில் நூறு மடங்கு பெரிதாக்கும் நூறு எக்ஸ் லென்ஸை இறக்கி எவ்வளவு திருகியும் கலங்கலாகவே தெரிந்தது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, “எண்ணெய் விடாம எதைத் தேடுற?” என்றார். ஒரு சொட்டு விட்டதும் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாய்க் கிருமிகள் பளிச்சென்று தெரிந்தன. எண்ணெய் எதற்கு என்று அவரிடம் கேட்கப் போய்த்தான் உங்கள் பெயரைத் தெரிந்துகொண்டேன். ஸ்லைடுக்கு அடியில் நான் தினமும் ஏற்றி இறக்கிய, ஒளியைக் குவித்துத் தரும் கண்டென்சருக்கும் உங்கள் பெயர்தான்.

ஸ்லைடிலிருந்து சாய்ந்து வரும் ஒளி, இடையில் காற்று இருந்தால் லென்ஸுக்குள் நுழையாமல் விலகிப் போய்விடும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண், எண்ணெய்க்கும் கண்ணாடியைப் போலவே சுமார் 1.515. ஆகவே ஒளிக்கு அங்கே எல்லையே தெரிவதில்லை, நேராக உள்ளே வந்துவிடுகிறது. அப்படி ஒரு லென்ஸை நீங்கள் கணக்கிட்டு, ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த ஸைஸ் பட்டறை 1878-ல் செய்தது. நான்கே ஆண்டுகளில், 1882-ல், ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அவர் கையில் இருந்ததும் உங்கள் எண்ணெய் லென்ஸும் உங்கள் கண்டென்சரும்தான்.

கார்ல் ஸைஸ் அந்தப் பட்டறையை 1846-ல் திறந்தார். அக்காலத்தில் லென்ஸ் செய்வது கைப்பழக்கம். ஒன்றைத் தேய்த்து, இன்னொன்றோடு பொருத்திப் பார்த்து, சரியில்லை என்றால் மாற்றிப் பார்த்து, நன்றாகத் தெரியும்வரை போராட வேண்டும். தரம் குறைந்த மைக்ராஸ்கோப்பை ஸைஸ் தன் கையாலேயே சுத்தியலால் உடைத்துவிடுவார் என்று சொல்வார்கள். அந்தக் கண்டிப்பு இருந்தும், எந்த லென்ஸ் நன்றாக அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல அவரால் முடியவில்லை. அதனால்தான் 1866-ல், இருபத்தாறு வயதுப் பல்கலைக்கழக ஆசிரியரான உங்களைத் தேடி வந்தார்.

ஐயா, உங்கள் வாழ்க்கையில் நான் மிகவும் மதிப்பது உங்கள் முதல் தோல்வியை. பிழைகளைக் குறைக்க வேண்டும் என்று லென்ஸின் திறப்பைச் சிறிதாக்கிக் கணக்குப் போட்டீர்கள். கணக்கு சுத்தமாக இருந்தது. படமோ பழைய கைவேலை லென்ஸைவிட மோசமாக வந்தது. வேறொருவராக இருந்தால் தொழிலாளியின் கையைக் குறை சொல்லியிருப்பார். நீங்கள் ஒளியையே மறுபடி விசாரித்தீர்கள். நுண்ணிய பொருளில் பட்டு விரிந்து சிதறும் ஒளிதான் அதன் விவரத்தைச் சுமந்து வருகிறது, திறப்பைச் சுருக்கினால் அதை வாசலிலேயே தடுத்துவிடுகிறோம் என்று கண்டீர்கள். 1873-ல் எழுதினீர்கள்: ஒளியின் அலைநீளமும் லென்ஸ் ஒளியை வாங்கும் அகலமும் எல்லையை நிர்ணயிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் தேடிய கிருமியின் தடிமனும் கிட்டத்தட்ட அங்கேதான் தொடங்குகிறது. இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை எனக்கு.

பிறகு கண்ணாடியே போதவில்லை. கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட் வந்தார், 1884-ல் யேனாவிலேயே கண்ணாடி ஆலை எழுந்தது, 1886-ல் நிறப்பிழை நீங்கிய அபோக்ரோமாட் லென்ஸ்கள் வெளிவந்தன. பட்டறை தன் ஆயிரமாவது மைக்ராஸ்கோப்பை எட்ட இருபது ஆண்டுகள் ஆயின. அடுத்த இருபது ஆண்டில், 1886-ல், எண்ணிக்கை பத்தாயிரம்.

இந்த வளர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு உங்கள் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். ஐசனாக் நகர நூற்பாலையில் அவர் நாளுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்றபடி வேலை செய்தார். சிறுவனான நீங்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோவீர்கள். இயந்திரத்தில் சாய்ந்துகொண்டே அவசரமாக உண்டு, பாத்திரத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்புவார். நல்ல கட்டுடல் கொண்டவர், ஐம்பது ஆகுமுன்பே கிழவராகிவிட்டார்.

அந்தப் பாத்திரத்தை நீங்கள் மறக்கவே இல்லை. ஸைஸ் 1888-ல் காலமானதும், அடுத்த ஆண்டு அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, 1891-ல் நிறுவனத்தில் உங்கள் பங்கையும் அதற்கே எழுதி வைத்தீர்கள். சம்பளத்தோடு விடுப்பு, ஓய்வூதியம், லாபத்தில் பங்கு. உச்சச் சம்பளம் தொழிலாளரின் சராசரியைப் போலப் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. மதமும் பிறப்பும் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது. 1900-ல் எட்டு மணி நேர வேலை. அதையும் அளந்தே செய்தீர்கள்! ஒன்பது மணியை எட்டாக்கியபின் 233 பேரின் வேலையை ஒப்பிட்டு, மணிக்கு 16 சதவீதம் கூடியதைக் காட்டினீர்கள். ஒரு நாளின் மொத்த வேலையும் குறையவில்லை, சற்றே கூடியது. ஸ்லைடு பார்க்கும் எங்களுக்கு இது ஆச்சரியமில்லை. கண் களைத்தபின் பார்க்கும் ஸ்லைடில் கிருமி நழுவிவிடும்.

உங்களுக்குப் பின் நடந்தது எல்லாமே உங்கள் விதிப்படி நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அதே ஆலையில் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் உங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1945-ல் அமெரிக்கப் படை, ஆலையின் நிபுணர்களை மேற்கே கொண்டுபோனது. கிழக்கு ஜெர்மனியில் யேனாவில் ஒன்றும் மேற்கு ஜெர்மனியில் ஓபர்கோஹனில் ஒன்றுமாக நிறுவனம் இரண்டாகி, ஜெர்மனி இணைந்த பிறகே சேர்ந்தது. இன்றும் அதன் உரிமை உங்கள் அறக்கட்டளையிடம்தான்.

இன்று மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் இயந்திரங்களில் 13.5 நானோமீட்டர் ஒளி பயன்படுகிறது. எந்தக் கண்ணாடியும் அதை விழுங்கிவிடும் என்பதால் லென்ஸுக்கே அங்கே இடமில்லை. வெற்றிடத்தில் நிற்கும் ஆடிகள் மட்டும். அவற்றைச் செய்வது ஸைஸ். அலைநீளத்தைக் குறை, திறப்பை அகலமாக்கு என்ற உங்கள் 1873 வழியில்தான் அங்கேயும் நடக்கிறார்கள்.

எங்கள் ஆய்வகத்திலும், சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் மைக்ராஸ்கோப்பை எடுத்துவிடவில்லை. ஓய்வு பெற்ற அன்று கடைசியாக ஒரு ஸ்லைடு வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். நூறு இடம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நெகட்டிவ் என்று பதிவேட்டில் எழுதி, லென்ஸ் பேப்பரால் எண்ணெயை ஒற்றியெடுத்து, உங்கள் கண்டென்சரை மெல்ல இறக்கி வைத்தேன்.

நன்றியுடன்,
உங்கள் லென்ஸில் முப்பது ஆண்டு பிழைத்த ஒருத்தி