கப்பல் ஏறுமுன் ஒரு பத்து நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் 4-ஆம் தேதி சொகுசுக் கப்பல் புறப்பட்ட நாள் முதல் மருத்துவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அப்பாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, போன வருஷம் ஸ்டென்ட் வெச்சாங்க. மணிவிழாவுக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போலாமா டாக்டர்?" கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குள் டிக்கெட்டும் எடுத்திருப்பார்கள். அந்த ஜூன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 150-ஐத் தொடாமல் இருந்த தமிழகத்தின் கொரோனா எண்ணிக்கை மாதம் முடிவதற்குள் 2,000-ஐத் தாண்டியது. தொற்று இப்படிச் சட்டென்று ஏறக்கூடும் என்பதால் அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

"கப்பலில் தொற்று வருமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வரலாம். கல்யாண மண்டபத்திலும் வரும், ரங்கநாதன் தெருவிலும் வரும். கப்பலுக்கென்று தனியாகக் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கரை பல மணி நேரத் தொலைவில் இருக்கும்போது பாசிட்டிவ் என்று வந்தால், அடுத்த ஏழு நாளை எங்கே, யாருடன், எந்த மருந்தை வைத்துக்கொண்டு கழிப்பது? நோய் உள்ளவர்கள் இரண்டு இரவுப் பயணத்தை இரண்டு இரவு என்று மட்டும் எண்ணக் கூடாது. கப்பலில் இருக்கும் நாட்களோடு 2022-இல் விதியாக இருந்த ஏழு நாள் தனிமைப்படுத்தலையும் சேர்த்தால் கிட்டத்தட்ட பத்து நாள். அந்தப் பத்து நாளையும் உங்கள் உடம்பு தாங்குமா என்று பாருங்கள்.

இது வீண் பயமில்லை. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற சொகுசுக் கப்பலில் முதலில் ஊழியர் ஒருவருக்குத் தொற்று தெரிந்தது. சுமார் 2,000 பேரைப் பரிசோதித்ததில் 66 பேருக்கு பாசிட்டிவ். கோவாக் கொண்டாட்டத்துக்குக் கிளம்பியவர்கள் மர்மகோவா துறைமுகத்தில் முடிவுக்காகக் காத்துக் கிடந்துவிட்டு மும்பைக்கே திரும்பினார்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலை யாரும் மறந்திருக்க முடியாது. ஜனவரி 25 அன்றே ஹாங்காங்கில் இறங்கிவிட்ட ஒரு பயணியிடமிருந்து தொடங்கிய கதை அது. கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அறைக்குள் அடைத்த பிறகும் சமைப்பதும் பரிமாறுவதும் நின்றுவிடவில்லை. முதலில் பாசிட்டிவ் ஆன 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். ஊழியர்கள் ஒரே அறையில் பலராகத் தூங்கி, ஒரே கூடத்தில் சாப்பிடுபவர்கள். பயணிகளிடம் மட்டும் நெகட்டிவ் சான்றிதழ் கேட்கும் கப்பலைவிட, ஊழியர்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்கிறோம் என்று சொல்லும் கப்பலைத்தான் நான் நம்புவேன்.

2020 பிப்ரவரியில் தடுப்பூசி இல்லை, இன்று இருக்கிறது என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் இரண்டாம் டோஸ் போட்டு ஒன்பது மாதம் கடந்த அறுபது வயதுக்காரரின் பாதுகாப்பு, போட்ட புதிதில் இருந்தது போல இராது. 2022 ஜூனில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ், அதாவது மூன்றாவது ஊசி, அரசு மையங்களில் இலவசமாக இருந்தது. அதற்குக் கீழே உள்ளவர்கள் தனியார் மையத்தில் 225 ரூபாயும், அதிகபட்சம் 150 ரூபாய் சேவைக் கட்டணமும் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போட்ட மறுநாளே கப்பல் ஏறிப் பயனில்லை, இரண்டு வாரமாவது போக வேண்டும்.

யார் போகவே வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைத்துக்கொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், கடந்த ஆறு மாதத்தில் நோய் எதிர்ப்புச் செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டவர்கள், தொற்று அலை இருந்தால் அது அடங்கும்வரை பொறுங்கள். உங்கள் உடம்பில் தடுப்பூசி முழுதாக வேலை செய்திருக்காது. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், இதயச் செயலிழப்புக்காக மூன்று மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், மாரடைப்போ ஸ்டென்ட்டோ முடிந்து ஆறு வாரம் ஆகாதவர்கள் ஆகியோருக்கும் இதேதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் திங்கள், புதன், வெள்ளி முறைக்கு நடுவே இரண்டு இரவு எப்படியோ நுழைந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டு இரவு நுழையும், ஏழு நாள் தனிமை நுழையாது. கப்பலில் டயாலிசிஸ் இயந்திரம் பெரும்பாலும் இருக்காது. பாசிட்டிவ் ஆனவரைக் கரையில் சேர்த்துக்கொள்ளும் மையத்தையும் அன்றைக்கு அன்றே தேட முடியாது.

சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருப்பவர்கள், அதாவது மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழே, பிரஷர் 140/90-க்குள், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்காதவர்கள், தயாரிப்போடு போகலாம் என்பது என் கருத்து. அந்தத் தயாரிப்பு எதுவென்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

மருந்து பதினான்கு நாளுக்கு வேண்டும். அத்தனையும் கைப்பையில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேரப் பல மணி நேரமாகும். மதிய இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அறையில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் குளிர்பானத்தைச் சில்லென்று வைக்கும் அளவுக்குத்தான் குளிரும், அதை நம்ப வேண்டாம். மருத்துவ அறையின் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உபயோகத்தில் இருக்கும் பேனா ஊசி ஏசி அறையில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். ஐஸ் பையோடு நேராக ஒட்டி வைத்து உறையவிட்டால் மட்டும் அந்த இன்சுலின் வீண், உருகிய பிறகும் போடக் கூடாது.

கடல் குமட்டலைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் வங்கக் கடல் கப்பலை ஆட்டும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டு, சாப்பிட்டு, பத்தாவது நிமிடம் அத்தனையும் வாந்தியாகப் போனால் சுகர் சரசரவென்று இறங்கும். அலை அதிகமுள்ள நாளில் சாப்பாட்டு நேர இன்சுலினைச் சாப்பிட்டு முடித்த பிறகு போடலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளை வாந்தியும் பட்டினியுமாக இருக்கும்போது விழுங்கினால் ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். சுகர் எண் சாதாரணமாகவே தெரியக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். உடலில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டியிருக்கும். குமட்டலுக்கு எல்லோரும் வாங்கும் அவோமின் மாத்திரையை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு அது சிறுநீரை அடைத்துவிடக்கூடும், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோயின் சில வகைகளுக்கும் ஆகாது. தூக்கக் கலக்கத்தில் ஆடும் கப்பலில் பாத்ரூமுக்கு எழுந்து விழுபவர்களும் உண்டு.

பாசிட்டிவ் ஆனால் என்ன மாத்திரை என்பதையும் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நிர்மட்ரெல்விரும் ரிடோனாவிரும் சேர்ந்த கொரோனா மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். இதிலுள்ள ரிடோனாவிர் நம் ஊர் இதய நோயாளிகளின் மருந்துச் சீட்டில் பாதியோடு சண்டை போடும். கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாடினைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலின் வேலையை ரிடோனாவிர் குறைக்கும், புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு இது ஆபத்து. அதே வேலையைச் செய்யும் டிகாக்ரெலர், ரிவராக்ஸபான் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அப்போது ரத்தக்கசிவு பயம். பிரஷர் மாத்திரையான அம்லோடிபினோடு சேர்ந்தால் பிரஷர் கீழே போகலாம். சிறுநீரக வடிகட்டும் திறனான ஈஜிஎஃப்ஆர் 30-க்கும் 60-க்கும் இடையே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே இருந்தால் 2022-இல் தரவில்லை. இத்தனையையும் நடுக்கடலில் உங்களை முதன்முதலாகப் பார்க்கும் டாக்டர் எப்படித் தீர்மானிப்பார்?

அதனால் ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். நோய்கள், மருந்துகளின் ஜெனரிக் பெயர், மில்லிகிராம் அளவு, சிறுநீரக அளவுகளான கடைசி கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆர், அலர்ஜி, தடுப்பூசித் தேதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் அதில் இருக்கட்டும். நம் கடை பிராண்ட் பெயர் வெளியூர் டாக்டருக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. கூடவே கடைசி ஈசிஜியின் நகல் ஒன்று. பழைய மாரடைப்பின் தழும்பு ஈசிஜியில் புதிய மாரடைப்பு போலத் தெரியலாம். ஒப்பிட்டுப் பார்க்க நகல் இல்லாவிட்டால் தேவையே இல்லாமல் கப்பலைத் திருப்புவார்கள், அல்லது தேவைப்படும்போது திருப்பாமல் இருந்துவிடுவார்கள்.

கப்பலின் மருத்துவ அறையை ஒரு நல்ல கிளினிக் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆக்சிஜன், ஈசிஜி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர், சலைன் இருக்கும். ஆஞ்சியோபிளாஸ்டி கிடையாது, சிடி ஸ்கேன் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. ஹெலிகாப்டரில் தூக்கிப் போவது தூரம், காற்று, கப்பலின் மேல்தளத்தில் இடம் எல்லாம் ஒத்துவந்தால்தான் நடக்கும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சென்னை வெளிவட்டத்தில் இருந்தாலே ஸ்டான்லிக்கோ ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ வந்து சேர ஒரு மணி நேரமாகிறது. நடுக்கடலிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதைக் கப்பல் நிறுவனத்திடமே கேளுங்கள்.

காப்பீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டரைத் தாண்டினால் இந்தியாவின் எல்லைக் கடல் முடிந்துவிடும். "இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும் மெடிக்ளைம் பாலிசி அங்கே செல்லுமா என்பதை ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள். பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் உங்கள் பாலிசியில் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். கப்பல் ஏறும்போது தரும் உடல்நலப் படிவத்தில் நோயை மறைப்பவர்கள் உண்டு. பின்னால் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் முதலில் சிக்குவது அந்தப் படிவம்தான்.

இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ஒமைக்ரான் வகைக் கொரோனா தொற்றி அறிகுறி தெரிய ஏறக்குறைய மூன்று நாள். இரண்டு இரவுப் பயணத்தில் கப்பலில் தொற்றினால் காய்ச்சல் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். கப்பலிலேயே காய்ச்சல் வந்தால், பெரும்பாலும் ஏறும்போதே தொற்று உள்ளே இருந்திருக்கும். எனவே நோய் உள்ளவர்கள் ஏறுவதற்கு ஐந்தாறு நாள் முன்பிருந்தே கல்யாணம், சினிமா, பர்மா பஜார் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். திரும்பிய பிறகு ஐந்து நாள் பேரக் குழந்தைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் விட்டு விலகி இருங்கள். விசாகப்பட்டினம் வரை போகும் நீண்ட பயணத்தில் இந்தக் கணக்கு மாறும். அதில் கப்பலிலேயே தொற்றி, கப்பலிலேயே படுக்க நேரலாம்.

வீட்டுப் பரிசோதனைக் கிட் ஒரு ஆளுக்கு மூன்று. முதல் நாள் நெகட்டிவ் வந்தால் நம்பிவிட வேண்டாம், அறிகுறி இருந்தால் ஒரு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள். ஆக்சிமீட்டரில் 93-ம் அதற்குக் கீழும் வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் பாருங்கள். கருத்த தோலில் அந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால் 94-ஐப் பார்த்தும் நிம்மதி அடைய வேண்டாம். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரையும் அதில் பொருத்தும் குழாயான ஸ்பேசரையும் எடுத்துச் செல்லுங்கள். பாசிட்டிவ் ஆனவர் பகிர்ந்த அறையில் மருந்தை ஆவிபோல ஆக்கித் தரும் நெபுலைசர் போட்டால் தொற்று அறை முழுவதும் பரவக்கூடும். பணம் இருந்தால் பால்கனி அறை எடுங்கள், தனிமை என்று வந்தால் அந்தக் கதவுதான் காற்று. என்95 முகக்கவசத்தை லிஃப்டிலும் அரங்கத்திலும் கழற்ற வேண்டாம். சாப்பாட்டைக் கூட்டம் குறைந்த நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தங்கள் நாளிதழ் வழியாகக் கப்பல் நிறுவனங்களுக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு கோரிக்கை. மருத்துவ அறையில் என்னென்ன இருக்கிறது, எத்தனை டாக்டர்கள், தனிமை அறைகள் எத்தனை, பாசிட்டிவ் ஆனவரை எந்தத் துறைமுகத்தில் இறக்குவார்கள், அந்தச் செலவு யாருடையது, புறப்படும் முன் பாசிட்டிவ் ஆனால் முழுப் பணமும் திரும்ப வருமா ஆகிய விவரங்களை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். பணம் திரும்ப வராது என்று தெரிந்தால் லேசான தொண்டை வலியோடு ஏறுகிறவர்தான் முதல் நோயாளியாக இருப்பார்.

இப்படிக்கு,
பொது மருத்துவர் ஒருவர்,
ராயபுரம், சென்னை.