முழங்கால் தசைநார் சத்திரசிகிச்சை: எப்போது செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மக்கேசர் விளையாட்டரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ, கிண்ணியாவிலோ மூதூரிலோ, ஓர் இளைஞர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் இரண்டு விதம். சில குடும்பங்கள் ஏ.சி.எல். என்று நாம் சொல்லும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது எனக் கேள்விப்பட்ட அன்றே, இந்தக் கிழமைக்குள் சத்திரசிகிச்சை செய்யும் தனியார் வைத்தியசாலை எது என்று விசாரிக்கின்றன. வேறு சிலர் வீக்கம் வற்றியதும் முழங்கால் பட்டி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த தொடருக்கு இறங்கிவிடுகிறார்கள். இரண்டுமே அந்த முழங்காலுக்குக் கேடு. சத்திரசிகிச்சையை எப்போது செய்வது என்பதில் நம்மிடையே இருக்கும் குழப்பத்தைக் கொஞ்சமாவது தெளிவாக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், காயத்தை அடையாளம் காண்பதிலேயே காலம் வீணாகிறது. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது அல்லது பாய்ந்து தரையில் இறங்கும்போது, பெரும்பாலும் எவரும் மோதாமலே இந்தத் தசைநார் அறுகிறது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு சில மணித்தியாலங்களுக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கும். அவ்வளவு விரைவாக வரும் வீக்கம் மூட்டுக்குள் கசிந்த இரத்தம். சாதாரண நெரிவின் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடித்து, தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கீழ்க்காலை மறு கையால் முன்னே இழுத்துப் பார்க்கும் லாக்மன் பரிசோதனைதான் கைவசம் உள்ள நல்ல வழி. ஆனால் முதல் நாள் வலியில் தசைகள் இறுகியிருக்கும்போது அதுவும் பிழைக்கலாம். ஆகவே 7 முதல் 14 நாட்களுக்குள் இன்னொரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கத் திகதி பிந்துகிறதே என்று இந்தப் பரிசோதனையையும் பிற்போடுவது தேவையற்றது.

இனி, ஏன் முதல் கிழமையில் அவசரப்படக் கூடாது? அடிபட்ட மூட்டு அப்போது அழற்சியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. உட்சவ்வு தடித்து, வடு இழையம் உருவாகத் தயாராக இருக்கிறது. அந்த நிலையில் எலும்பில் துளையிட்டுப் புதிய தசைநாரைப் பொருத்தினால், மூட்டுக்குள் வடு பரவி முழங்கால் இறுகிப்போகும் ஆபத்து கூடும். 1991 இல் அமெரிக்காவில் ஷெல்போர்ன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: காயம்பட்ட முதல் கிழமைக்குள் செய்தவர்களைவிட, 21 நாட்களுக்குப் பிறகு செய்தவர்களிடம் இறுக்கம் குறைவு. 'மூன்று கிழமை பொறுக்க வேண்டும்' என்ற விதி அங்கிருந்துதான் பரவியது.

ஆனால் அந்த விதியை மட்டும் பிடித்துக்கொள்வதும் பிழை. பின்னர் சுவீடனில் 8 நாட்களுக்குள் சத்திரசிகிச்சை செய்து பார்த்த ஆய்வில் இறுக்கம் கூடவில்லை. அங்கே சத்திரசிகிச்சைக்குப் பின்னான பயிற்சி நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்டது. ஆக, எத்தனை நாள் என்பதைவிட, மேசையில் ஏறும் அன்று முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. வீக்கமும் சூடும் வற்றாத முழங்கால் ஐந்தாவது கிழமையிலும் தயாரில்லை. நன்றாகப் பயிற்சி செய்த முழங்கால் மூன்றாவது கிழமையிலேயே தயாராகலாம்.

அந்தத் தயார்நிலையை வீட்டிலேயே பார்க்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி இரண்டு கால்களையும் தளர விட வேண்டும். ஒருவர் பக்கத்தில் குந்தியிருந்து இரண்டு குதிகளின் உயரத்தையும் பார்க்கட்டும். காயப்பட்ட காலின் குதி உயர்ந்து நின்றால் அது முழுதாக நீளவில்லை. ஒரு சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஒரு பாகை. அடுத்தது வீக்கம். முழங்கால் சில்லின் உட்பக்கத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் வழித்துவிட்டு, பின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழிக்க வேண்டும். உட்பக்கத்தில் நீர் அலையாகத் திரும்பி வந்து புடைத்தால் மூட்டுக்குள் இன்னும் நீர் நிற்கிறது. மூன்றாவது தொடைத்தசை. மல்லாந்து படுத்து முழங்காலை இறுக்கி நேராக்கிக் காலைத் தூக்கும்போது முழங்கால் சிறிதும் தொய்யக் கூடாது. இவற்றோடு 120 பாகைக்கு மேல் மடியவும், நொண்டாமல் நடக்கவும் முடிந்தால் மூட்டு பெரும்பாலும் தயார்.

இந்த இடைப்பட்ட நாட்களில் நடக்கும் பிழைகளில் மிகப் பெரியது ஒரு தலையணை. வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பார்கள். முழங்கால் அப்படியே மடிந்த நிலையில் இறுகிவிடும். குதிக்குக் கீழே மட்டும் சுருட்டிய துவாயை வைத்து, முழங்காலின் பின்புறம் காற்றில் நிற்கும்படி விட வேண்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளொன்றுக்கு நான்கைந்து தடவை. அதே நிலையில் தொடைத்தசையை 5 செக்கன் இறுக்கி விடுவது பத்து முறை, மூன்று சுற்று. பிறகு குதியை விரிப்பின் மீது இழுத்து மடிப்பது. போதிய அளவு மடியத் தொடங்கியதும் அசையாச் சைக்கிள், கதிரையிலிருந்து எழுந்து உட்காருதல், ஒற்றைக்கால் நிலை. மூட்டில் தேங்கும் இரத்தமும் நீரும் தொடைத்தசையை நரம்பு வழியாகவே அடக்கிவிடும். அதனால்தான் எவ்வளவு முயன்றாலும் முதல் நாட்களில் தசை 'பிடிபடுவதில்லை'. துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைப்பது உதவும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், சுடுதண்ணீர் ஒத்தடமும், கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போவதும் வீங்கிச் சூடாக இருக்கும் முழங்காலுக்கு ஆகாது. முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. இந்தக் காயத்துக்கு முதல் இரண்டு கிழமையில் உருவக் கூடாது, பத்துப் போட்டு அசையாமல் கட்டி வைக்கவும் கூடாது.

தொடைத்தசை பற்றி இன்னும் ஒன்று. நோர்வேயில் 2009 இல் வெளியான ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைக்கு முன் காயப்பட்ட காலின் தொடைத்தசை வலு மற்றக் காலைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தவர்கள் இரண்டு வருடங்கள் கழிந்தும் பின்தங்கியே இருந்தார்கள். காத்திருக்கும் காலத்தைச் சும்மா படுத்துக் கழிப்பதன் விலை இதுதான்.

சில முழங்கால்களுக்குக் காத்திருக்க நேரமில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் கசியிழையத் தட்டு கிழிந்து மூட்டின் நடுவே புரண்டு மாட்டிக்கொண்டால் முழங்கால் நீளவே நீளாது. அதை இழுத்து நிமிர்த்த முயலக் கூடாது. சில நாட்களுக்குள் நிபுணரிடம் போக வேண்டும். கிழிந்த தட்டைத் தைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு நாளாக நாளாகக் குறையும். மோட்டார் சைக்கிள் விபத்தில் பல தசைநார்கள் ஒன்றாக அறுந்து முழங்கால் விலகியிருந்தால் அது இன்னும் வேறு கதை. முழங்காலின் பின்னால் ஓடும் நாடி கிழிந்திருக்கலாம். கீழ்க்காலுக்கு இரத்தம் போகாமல் 6 முதல் 8 மணித்தியாலம் கடந்தால் காலையே இழக்க நேரிடும். பாதம் குளிர்ந்து வெளிறினால், மேற்பாதத்தில் நாடித்துடிப்பு இல்லையென்றால், உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டாலும்கூட வீட்டில் வைத்துப் பார்க்கும் விடயமல்ல அது.

மறுபக்கம், இரண்டு வருடம் பட்டியோடு விளையாடுவதால் என்ன நடக்கிறது? முன் சிலுவைத் தசைநார் இல்லாதபோது, கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் தடுக்கும் வேலையை உட்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி ஏற்கிறது. ஒவ்வொரு தடவையும் முழங்கால் 'விட்டுக்கொடுக்கும்போது' அந்தத் தட்டு நசுங்கிக் கிழிகிறது. வெளி விளிம்புக்கு மட்டுமே நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்த புதுக் கிழிசலைத் தைக்கலாம். பல தடவை நசுங்கிச் சிதைந்ததை வெட்டி எடுப்பதைத் தவிர வழியிருக்காது. அப்படி எடுத்த முழங்காலில் மூட்டுத் தேய்வு முந்தி வரும். காயம்பட்டு 6 மாதம், 12 மாதம் என்று தாண்டத் தாண்ட மெனிஸ்கஸ் கிழிசலும் கசியிழையச் சேதமும் கூடுவதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பாமசியில் வாங்கும் இழுபட்டி இந்த நழுவலைத் தடுப்பதில்லை. அதைப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து விளையாடுவதுதான் பெரிய சேதம்.

அப்படியானால் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை வேண்டுமா? இல்லை. 2010 இல் சுவீடனில் 121 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு 10 கிழமைக்குள் சத்திரசிகிச்சை செய்தார்கள். மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு வருட முடிவில் இரு பகுதியினரும் தம் முழங்காலைப் பற்றிக் கூறியதில் பெரிய வித்தியாசமில்லை. பயிற்சிக் குழுவில் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் கடைசியில் சத்திரசிகிச்சைக்கு வந்தார்கள். மற்ற அரைவாசிப் பேருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் 2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, காயம்பட்டு நாளாகியும் முழங்கால் தளம்பிக்கொண்டிருப்பவர்களிடம் நடத்தப்பட்டது. அவர்களுக்குப் பயிற்சியைவிடச் சத்திரசிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. என் கணிப்பு இது: புதுக் காயத்துக்கு மூன்று மாத ஒழுங்கான பயிற்சி நியாயமான தொடக்கம். பயிற்சிக்குப் பிறகும் முழங்கால் விட்டுக்கொடுத்தால் இன்னும் ஒரு வருடம் இழுத்தடிக்கக் கூடாது.

இந்தத் தீர்மானத்தில் விளையாட்டை மட்டும் பார்ப்பது நம் மாவட்டத்துக்குப் பொருந்தாது. அலையில் ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுப்பவரும், படகைக் கடற்கரை மணலில் தள்ளி ஏற்றுபவரும், தம்பலகாமத்துச் சேற்று வயலில் பாத்தி மாறிக் கால் வைப்பவரும் பந்து விளையாடுகிறவரைப்போலவே முழங்காலைத் திருகுகிறார்கள். 'நீங்கள் விளையாட்டு வீரர் இல்லையே' என்று அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அதேபோல, திகதி குறிக்கும்போது பருவத்தையும் பார்க்க வேண்டும். மாரி மழையில் சேறும் வழுக்கலுமான ஒழுங்கைகளில் ஊன்றுகோலோடு நடப்பது முதல் ஆறு கிழமைக்கும் ஆபத்து.

சத்திரசிகிச்சைக்குப் பிறகும் காலக்கணக்கு முடிவதில்லை. முழுதாக நீட்டுவதை முதல் இரண்டு கிழமைக்குள் மீட்க வேண்டும். 90 பாகை மடிப்பும் அதற்குள் வந்துவிட வேண்டும். பொருத்திய தசைநார் தன் பழைய கலங்களை இழந்து புதிதாக மாறும்போது, ஏறத்தாழ 6 முதல் 12 கிழமை வரை, மிகவும் பலவீனமாக இருக்கும். வலி போய், 'இப்போது சுகம்தானே' என்று ஓடத் தோன்றுவதும் அதே நாட்களில்தான். கடற்கரை மணலில் ஓடினால் கால் பலக்கும் என்று சொல்லி அனுப்பும் பயிற்றுநர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீரற்ற மணல் இந்தக் கட்டத்துக்கு உகந்ததல்ல. போட்டிக்குத் திரும்ப 9 மாதம் மிகக் குறைந்த அளவு. 2016 இல் வெளியான நோர்வே–அமெரிக்க ஆய்வில், 9 மாதம் வரை பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. 9 மாதம் ஆனாலும் தொடைத்தசை வலுவும் ஒற்றைக்கால் தாண்டலும் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்து விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ இரண்டாவது ஏ.சி.எல். காயம் வருகிறது. பாடசாலை அணிகளில் மாணவரை ஆறாம் மாதத்தில் இறக்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அதிபர்களும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கழகங்களிடம் ஒரு வேண்டுகோள். காயப்பட்ட வீரருக்காகச் சேர்க்கும் பணம் முழுவதையும் சத்திரசிகிச்சைக் கட்டணத்துக்கே கொடுத்து முடித்துவிடாதீர்கள். அதில் ஒரு பகுதியை, முன்னும் பின்னும் இயன்மருத்துவரிடம் போய்வரும் செலவுக்கு ஒதுக்குங்கள். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ கிழமைக்கு இரண்டு தடவை நகரத்துக்கு வந்துபோவது பலருக்கு முடியாத காரியம், அதனால்தான் பயிற்சி பாதியில் நிற்கிறது. கிளினிக்குகளில் சத்திரசிகிச்சைத் திகதி எழுதிக் கொடுக்கும் அன்றே, தமிழில் அச்சிட்ட ஒரு பக்கப் பயிற்சித் தாளும் கையில் கிடைக்க வேண்டும்.

திகதி கிடைத்தவர்கள் அதற்கு முந்திய கிழமையில் தோலில் புண், காய்ச்சல், பல்லில் சீழ், மறுபடி வந்த வீக்கம் எதுவானாலும் மறைக்காமல் வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். கிடைத்த திகதி போய்விடுமே என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. கிருமி மூட்டுக்குள் போனால் பொருத்திய தசைநாரையே கழற்ற வேண்டி வரலாம். இரண்டு கிழமை பிந்துவதால் முழங்காலுக்கு எந்தக் கேடும் இல்லை.

இப்படிக்கு,
இயன்மருத்துவர் ஒருவர்,
உப்புவெளி,
திருகோணமலை.