பயிற்சியில் மாண்டவர்களும் போரில் மாண்டவர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று நம் பக்கத்துத் தளங்களை ஆசையோடு எழுதியவர், ஒடிசாவின் அமர்தா ரோடு தளத்தை இரண்டே வரியில் கடந்துவிட்டார். அது வெறும் பயிற்சித் தளம், போரின் சூடு அங்கே படவில்லை என்பது அவர் கருத்து. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1945 ஜூலை 26. அமர்தா ரோட்டில் இயங்கிய விமானச் சண்டைப் பயிற்சிப் பிரிவில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஆறு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அணிவகுத்துப் பறந்து பழகிக்கொண்டிருந்தன. பர்மா வானில் பேர் பெற்ற பிரிட்டிஷ் சண்டை விமானி ஃபிராங்க் கேரி 1943-இல் உருவாக்கிய பிரிவு அது. விமானங்கள் தாழப் பறந்துகொண்டிருந்தபோது இரண்டு ஒன்றோடொன்று மோதின. ஒன்று 99-வது ஸ்குவாட்ரனை, அதாவது விமான அணியைச் சேர்ந்தது, மற்றது 356-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. 14 பேர் இறந்தார்கள்.

நான் விமானப்படையில் விமானத்தின் உடலைப் பழுதுபார்க்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விமானம் ஓட்டியவன் அல்ல; ஓட்டுகிறவருக்குத் தோள்வாரை இறுக்கிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு விலகி நின்றவன். அணிவகுத்துப் பறப்பது குடியரசு தின வேடிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. லிபரேட்டரின் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 110 அடி. எஞ்சின் நான்கு. கைக்குக் கனமான விமானம். திருப்பினால் உடனே திரும்பாது. பக்கத்து விமானத்தின் இறக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை விரலளவு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் அவ்வளவு நெருக்கம்? பகலில் எதிரியின் சண்டை விமானம் பாயும்போது ஒன்றின் துப்பாக்கி மற்றொன்றைக் காக்க வேண்டும். தள்ளிப் போனால் தனியாக மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பாடத்திலேயே ஆபத்து இருந்தது. அதைப் பழகாமல் போருக்குப் போக முடியாது. தாழப் பறக்கையில் மோதினால் பாராசூட் விரியக்கூட உயரம் இருக்காது.

மேற்கு வங்கத்தின் கலைக்குண்டா விமானப்படைத் தளத்தில் பணியில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடியா நண்பர் ஒருவருடன் அந்த ஓடுதளத்துக்குப் போயிருக்கிறேன். மயூர்பஞ்ச் மாவட்டத்தில் ராஸ்கோவிந்த்பூர் அருகே, மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் கிடக்கிறது. கான்கிரீட் பாளங்களின் இடுக்கில் புல் முளைத்திருந்தது. அவித்த நெல்லைக் கொட்டி, ஓர் அம்மாள் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு போனார். குனிந்து ஒரு பாளத்தில் கை வைத்தேன், சுட்டது. எவ்வளவு உறுதியான வேலை என்று வியந்துவிட்டுத் திரும்பினேன். மோதலைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான், அங்கே ஒரு நிமிடம்கூடத் தலை குனியாமல் வந்துவிட்டோமே என்று மனம் வலித்தது. இன்றும் வலிக்கிறது.

நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அந்த 99-வது ஸ்குவாட்ரனின் பெயரோடு சேர்ந்தே வரும் சொல் ‘மதராஸ் பிரசிடென்சி’. நம் மாகாணத்து மக்கள் தந்த போர் நிதிக்காகச் சூட்டப்பட்ட பெயர் அது. மனமுவந்து தந்தவர்களும் இருந்தார்கள், அதிகாரிகளின் வற்புறுத்தலுக்குத் தந்தவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்கார அரசின் படைக்கு நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும் என்று என் மகனே கேட்டான். அரசுக்காக நான் கண்ணீர் விடவில்லை. தோள்வாரைக் கட்டிக்கொண்டு ஏறி, திரும்பி வராத பதினான்கு பிள்ளைகளுக்காகத்தான்.

அதே ஜூலை 26 அன்றுதான் பிரிட்டனில் தேர்தல் முடிவு வந்து சர்ச்சில் பதவி இழந்தார். சரணடையச் சொல்லி ஜப்பானுக்குப் போட்ஸ்டாமிலிருந்து இறுதி அறிவிப்பு போனதும் அன்றுதான். அடுத்த இருபதாவது நாள் ஜப்பான் பணிந்தது. இன்னும் இருபது நாள்!

இது ஏதோ அரிதாக நடந்தது என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவான பாம்பர் கமாண்ட் அந்தப் போரில் இழந்த 55,573 பேரில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் எதிரியின் குண்டு படாமல், பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். அவர்களைப் போர்க் கணக்கிலிருந்து யாரும் தள்ளிவைக்கவில்லை.

நந்தம்பாக்கத்தில் என் வீட்டுக்குச் சற்றுத் தள்ளித்தான் மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. 856 பேர் உறங்குகிறார்கள். விமானப்படைக் கற்களில் கழுகுச் சின்னம் இருக்கும். அதன் கீழே எண், பதவி, பெயர், விமானி, வழி கணிக்கும் நேவிகேட்டர், துப்பாக்கி இயக்கும் ஏர் கன்னர் என்று அவர் பார்த்த வேலை, இறந்த தேதி. பல கற்களில் வயதும் உண்டு, இருபத்தொன்று, இருபத்திரண்டு. எதிரி சுட்டானா, பயிற்சியில் விழுந்தாரா என்று கல் சொல்வதில்லை. கல் செய்யாத பாகுபாட்டைக் கட்டுரை செய்யலாமா?

அமர்தா ரோடு ஓடுதளத்தை சிறு ஊர்களுக்கு விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் புதுப்பிக்கும் பேச்சு நடந்துவருகிறது. பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் 14 பெயர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒடிசா அரசுக்கு எழுதியிருக்கிறேன். தங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. பெயர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. எவர் எந்த வேலையில் இருந்தார் என்பதோடு அவற்றை அடுத்த இதழில் வெளியிடுங்கள். அரைப் பக்கம் போதும். பார்த்து எழுதித் தர நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப்படை வீரர்,
நந்தம்பாக்கம், சென்னை