சிவப்பு நூல் கட்டித் தந்தவருக்கு

செங்கோட்டையில் அரிமா (லயன்ஸ்) சங்கத்தார் நடத்திய இலவசக் கண் சிகிச்சை முகாமில் என் அம்மாவுக்குத் துணை நின்ற ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அம்மாவுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் போனதில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கண்ணில் கத்தி படும் என்றதும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்துவிட்டார். நீங்கள் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் அமர்ந்து, புரை படிந்த வில்லையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைப்பார்கள், மரத்துப்போக மருந்து தருவார்கள் என்று நிதானமாகச் சொன்னீர்கள். ஆரியங்காவிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு அதையே மலையாளத்தில் சொன்னீர்கள். இருவரும் கைகோத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள்.

1925-இல், பார்வையும் செவித்திறனும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அரிமா சங்கத்தாரிடம் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் எங்கள் புளியரை வீட்டுத் திண்ணை வரை வந்திருப்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

எனக்கு மறக்கவே முடியாதது அந்த நூல். எழுத்தறியாத அம்மாவுக்குச் சொட்டு மருந்துக் குப்பிகள் குழம்பிவிடக் கூடாதென்று ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் வெள்ளை நூலும் கட்டினீர்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல அது.

நேற்று அம்மா தானே அரிசியில் கல் பொறுக்கினார். நன்றி ஐயா. அடுத்த கண்ணுக்கும் வருகிறோம்.