பாப்பாவுக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அவள் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. விடுதி முகவரிக்கு அனுப்பிய வர்க்கியும் தேயிலைத்தூளும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. பின்கோடு மாறியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். இதைத் தாம்பரம் அத்தை வீட்டுக்கு அனுப்புகிறேன். நீ இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

எதிர்வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். சாயங்காலம் கணக்குப் போட இங்கேதான் வருகிறான். இப்போது பழைய கிரேக்கர் யூக்ளிட்டின் வடிவியல் நடக்கிறது. புள்ளிக்குப் பகுதி இல்லை, கோட்டுக்கு அகலம் இல்லை என்று படித்துவிட்டு, "அப்போ நான் பென்சிலால் வைத்தது என்ன தாத்தா?" என்கிறான். அந்த வயதில் நீ கேட்ட அதே கேள்வி. பிறகு கல்லூரியிலிருந்து வந்து நீயே எனக்குப் பதிலும் சொன்னாய்: புள்ளி, கோடு, தளம் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம், ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று விதித்துவிட்டால் போதும், 1899-இல் ஜெர்மன் கணிதக்காரர் ஹில்பர்ட் அதைத்தான் செய்தார் என்று. பையனிடம் அதையே ஒப்பித்தேன். என் மகள் சொன்னது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு புள்ளிகளைச் சேர்த்து நேர்கோடு போடலாம் என்று, நிரூபிக்காமலே ஒப்புக்கொள்ளச் சொல்லும் எடுகோள்களில் முதலாவதை யூக்ளிட் ஒரே வரியில் முடித்துவிட்டார். கட்டபெட்டுப் பக்கம் தேயிலைச் சரிவில் ஒரு சர்வே கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அந்தக் கோட்டைப் போட்டிருந்தால் தெரியும்! நிலம் அளக்கும் செயினைத் தரையோடு இழுக்கக் கூடாது. மட்டமாகப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். 30 பாகைச் சரிவில் தரையோடு 66 அடி இழுத்தால் வரைபடத்தில் அது 57 அடிதான். அந்த ஒன்பது அடிக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள். லீவு நாளில் நீதான் குண்டு ஆடாமல் பிடிப்பாய். மேகம் இறங்கி எதிர்க்கொடி மறைந்ததும் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். நீ மட்டும் "கொடி அங்கேதான்ப்பா இருக்கும்" என்று நின்ற இடத்தை விட்டு நகரமாட்டாய். ஆராய்ச்சியிலும் அதே பிடிவாதம்தான் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு போன் போட அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் இருக்கக் கூடாதா? சரி, விடு. ராத்திரி கண் விழிக்காதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

பையனுக்கு ஐந்தாவது எடுகோள்தான் ஏறவில்லை. கோட்டைச் சேர்ப்பது, நீட்டுவது, வட்டம் போடுவது, செங்கோணங்கள் எல்லாம் சமம் என்பது வரை தலையாட்டினான். இரண்டு கோடுகளை இன்னொரு கோடு வெட்டும்போது ஒரு பக்கத்து உட்கோணங்கள் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குக் குறைந்தால், அந்தப் பக்கம் அவை எங்கோ சந்திக்கும் என்றதும் "எங்கோன்னா எங்கே?" என்கிறான். அதை மற்ற நான்கிலிருந்து நிரூபிக்க இரண்டாயிரம் வருஷம் முட்டிமோதினார்கள். ஹங்கேரிக்காரர் ஃபார்க்கஸ் போயாய் அதிலேயே கிடந்து நொந்துபோனவர். மகன் யானோஷும் அதில் இறங்கியது தெரிந்து, விட்டுவிடப்பா என்று கெஞ்சி எழுதினார். மகன் கேட்கவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து புது உலகத்தையே உண்டாக்கிவிட்டேன் என்று 1823-இல் எழுதினான். ஐந்தாவது எடுகோள் இல்லாமலேயே நிற்கும் அந்த வடிவியல் 1832-இல் அப்பாவின் புத்தகத்திலேயே பின்னிணைப்பாக வந்தது.

இந்தக் கதையை நீ எனக்குச் சொன்னபோது மகன் பக்கமே பேசினாய். நான் விடு என்றும் சொல்லமாட்டேன், பிடி என்றும் சொல்லமாட்டேன். ஃபார்க்கஸ் மேல் எனக்கு ஒரே ஒரு பொறாமை. அவர் மகன் அவருக்குக் கடிதம் போட்டான்.

மேல் அலமாரியைக் காலி செய்து வைத்திருக்கிறேன், உன் புத்தகமெல்லாம் கொள்ளும். எலித்தொல்லை என்று அம்மாவிடம் சொன்னேன், அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் இல்லையென்றால் கோவைக்கு வேறு ரயில் பிடித்து வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா