சாமான் அறைச் சாவியை ஒப்படைக்கும் முன்

அன்புள்ள எல்லோருக்கும்,

வரும் சனிக்கிழமை சாமான் அறைச் சாவியைக் கொடுத்துவிடப் போகிறேன். ஒன்பது சீசனாக என் கைப்பையிலேயே கிடந்த சாவி. கணவருக்கு வேலை ஹாம்பர்குக்கு மாறிவிட்டதால் ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்தை விட்டுக் கிளம்புகிறோம். ஜெர்மனில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி கிளப் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியாயிற்று. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆளுக்கு ஜெர்மன் தெரியாது. ஊரில் சொந்தபந்தமும் வருடக்கணக்காக "அங்கே அப்படி என்னதான் பண்றே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் தமிழிலும் ஒன்று எழுதுகிறேன்.

நாங்கள் ஆடுவது அமெரிக்கன் ஃபுட்பால். இரண்டு பக்கமும் கூம்பின பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டு மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். அமெரிக்கப் படைவீரர்கள் இங்கே முகாம் போட்டிருந்த காலத்தில் ஜெர்மன்காரர்களுக்கு இதில் ஆசை வந்தது. நாட்டின் முதல் கிளப் 1977-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில்தான் தொடங்கியது. 1979-இல் லீக்கே நடந்தது. எங்களுடையது கீழ் லீக்கில் ஆடும் சின்ன கிளப். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ், பேக்கரியில் அதிகாலை ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்படியே பயிற்சிக்கு வருகிறவர் என்று எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நான் 'ட்ஸொய்க்வார்ட்'. அதாவது, சாமான் பொறுப்பாளர். ஹெல்மெட், கவசம், ஜெர்சி, பந்து, தண்ணீர் பாட்டில், கணுக்காலில் சுற்றும் டேப் எல்லாம் என் கை பட்டுத்தான் மைதானத்துக்குள் போகும்.

அம்மா, முதல் நன்றி உனக்கு.

உன் பேரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவனைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு காரிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் தோளோரம் கிழிந்த ஜெர்சி ஒன்றைக் கோச் குப்பையில் போடப் போனார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, வாங்கி வந்துவிட்டேன். திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் பவர் டேபிளில், கம்பெனித் தையல் மெஷினில், உட்கார்ந்தவள் நீ, உன் மகள் அல்லவா நான்! இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டால் முதல் இழுப்பிலேயே நூல் அறுந்துவிடும், தையலும் துணியோடு சேர்ந்து நீள வேண்டும் என்று நீதானே சொல்லித் தந்தாய். பிசிரை வெட்டி, உள்ளே ஒரு பட்டி வைத்து, ஓவர்லாக் அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் கோச் பதினொரு ஜெர்சியைப் பையில் போட்டு நீட்டினார். பேரன் இரண்டு வருடத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு கிடாருக்குப் போய்விட்டான். நான் நின்றுவிட்டேன். இந்த ஒன்பது வருடத்தில் நான் தைத்த எந்தத் தோள் தையலும் ஆட்டத்தின் நடுவே விட்டதில்லை, அம்மா.

அடுத்தது, எனக்கு முன்னால் இந்தச் சாவியை வைத்திருந்த பெரியவர். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஃப்ராங்க்ஃபர்ட் கேலக்ஸி அணி ஐரோப்பிய லீக்கில் ஆடிய காலத்தில் மைதானத்தில் தொண்டராக நின்றவர் நீங்கள். 2007 ஜூன் 23 அன்று கேலக்ஸியின் சொந்த மைதானத்திலேயே இறுதி ஆட்டம் நடந்தது, ஹாம்பர்க் அணி கேலக்ஸியை 37-28 என்று ஜெயித்தது. ஆறே நாளில் அந்த ஐரோப்பிய லீக்கையே மூடிவிட்டதாக அமெரிக்காவிலிருந்து அறிவிப்பு வந்தது. அன்று உங்கள் கழுத்தில் தொங்கிய தொண்டர் அட்டை இன்றும் சாமான் அறை ஆணியில் தொங்குகிறது. அதை நான் எடுக்கவில்லை, அடுத்து வருகிறவரும் எடுக்க மாட்டார்.

ஹெல்மெட் மாட்டுவது எப்படி என்று நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தது ஒரு பிப்ரவரி மாதம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி. முகக் கம்பியைப் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே திரும்ப வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பொருந்தவில்லை என்று அர்த்தம். உள்ளே காற்றுப் பைகள் இருக்கின்றன, பம்ப் ஊசியைக் கிளிசரினில் நனைக்காமல் குத்தினால் வால்வு போய்விடும். குளிரில் காற்று சுருங்கும் என்பதால் ஏப்ரல் ஆட்டங்களில் ஒருமுறை வெளியில் வைத்தே பார்க்க வேண்டும். முடி வெட்டிக்கொண்டு வந்தவனுக்கு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ. முகக் கம்பியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் வேர்வையிலும் மழையிலும் துருப்பிடிக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி விளக்கடியில் பிடித்துப் பார்ப்பீர்கள். பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ஐம்பது ஹெல்மெட்டுக்கு அதைச் செய்து முடிக்க மூன்று மாலைப்பொழுதுகள் ஆகும். இவ்வளவு தேவையா என்று அப்போது மனதுக்குள் நினைத்தேன்.

என்னுடைய நான்காவது சீசனில் அதற்கு விடை கிடைத்தது. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது, நல்ல மழை. எங்கள் பையன் ஒருவன் தலையைக் குனிந்தபடி மோதி விழுந்தான். எழுந்திருக்கவில்லை. கைவிரல் அசைகிறதா என்று டாக்டர் கேட்டபோது பதில் வரக் கொஞ்ச நேரமானது. கழுத்தில் அடி என்ற சந்தேகம் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, முகக் கம்பியை மட்டும் எடுத்து மூச்சுக்கு வழி விட வேண்டும். டாக்டர் என்னைத்தான் பார்த்தார். பேட்டரி ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினேன். சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்தபோது என் கை நடுங்கியது, ஆனால் ஸ்க்ரூ நடுங்கவில்லை. இடது பக்கம் கழன்றது, வலது பக்கம் கழன்றது, கம்பி மேலே திரும்பியது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்து, "என் பந்து எங்கே?" என்றான். கழுத்துத் தசையில் பிடிப்புதான், மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டான். அன்று ராத்திரி உங்களுக்கு ஃபோன் செய்து என்னால் பேச முடியாமல் போனது. பேச நினைத்தது இதுதான்: அந்த மூன்று மாலைப்பொழுதுகளுக்கு நன்றி, ஐயா.

டாக்டருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளைச் சம்பளம் வாங்காமல் எங்களுக்குக் கொடுத்தவர் அவர். அவர் வராமல் ஒரு ஆட்டமும் தொடங்கியதில்லை.

கோடு போடும் மூவருக்கு. நம் ஆட்களுக்கு இந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் ஆடுவது கால்பந்துக்காரர்களின் மைதானத்தில். அங்கே நீளம் பெரும்பாலும் 105 மீட்டர், எங்களுக்கு வேண்டியது கிட்டத்தட்ட 110. ஐந்து யார்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. கோல் கோடுகள் இரண்டையும் சேர்த்து 21 கோடுகள், ஒவ்வொன்றும் 48.8 மீட்டர். அதை மட்டும் கூட்டினாலே ஒரு கிலோமீட்டர் தாண்டும். பக்கக் கோடு, நடுவே வரும் சின்னக் கோடுகள், எண்கள் எல்லாம் தனி. ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு என்றால் காலை ஆறு மணிக்கே பனி ஈரத்தில் முளையடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். மூவரில் மூத்தவர் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓரத்திலிருந்து தொடங்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்று நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் அளப்பார். நம் ஊரில் கொத்தனார் வானம் தோண்டும் முன் மூலைமட்டம் பார்ப்பாரே, அதே மூன்று-நான்கு-ஐந்து கணக்கை இவரும் போடுவார். அதைப் பார்த்த அன்று எனக்கு எங்கள் வீடு கட்டிய நாள் ஞாபகம் வந்துவிட்டது. கயிற்றின் மறுமுனையை என்னிடம் கொடுத்து உங்களில் ஒருத்தியாக்கிக் கொண்டதற்கு நன்றி.

செயின் பிடிக்கிறவர்களுக்கும். நான்கு முயற்சியில் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை. அந்தப் பத்து யார்டு, அதாவது 9.14 மீட்டர், இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு சங்கிலியாக மைதான ஓரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். பிடிப்பவர்கள் எங்கள் கிளப் ஆட்கள்தான், ஆனால் ஆட்டம் முடியும்வரை எந்தப் பக்கத்துக்கும் கைதட்டக் கூடாது. சொந்த மகன் பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டபோதும் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்ற அப்பா ஒருவரை நான் பார்த்தேன். அன்று அவருக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சலவைக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும். இரண்டு செட் ஜெர்சி வாங்கக் கிளப்பில் பணம் இல்லாத வருடம் அது. சனிக்கிழமை பெரியவர்கள் போட்ட அதே ஜெர்சியை ஞாயிறு காலை 19 வயதுக்குட்பட்ட பையன்கள் போட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி கிளப் மெஷின் நின்றுவிட்டது. நாற்பத்தாறு ஜெர்சி, எல்லாம் சேறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தீர்கள். திரும்பவும் ஏற்றினீர்கள். சேற்றுக்கும் ரத்தக்கறைக்கும் முதலில் பச்சைத்தண்ணீர்தான் என்று நான் சைகையில் சொல்ல, உங்கள் மனைவி அதைத் துருக்கியில் சொல்லிச் சிரித்தார். அவருடைய அம்மாவும் அதையேதான் சொல்வாராம். டிரையர் சூட்டில் எண்கள் உரிந்துவிடும் என்பதால் கடை முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டோம். அதிகாலை இரண்டு மணிக்குத் தேநீர் கொடுத்தீர்கள். காசு வாங்கவில்லை. அதற்குப் பதில் வருடா வருடம் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டீர்கள், அதை நிறுத்தாமல் கொடுக்கும்படி கிளப்பில் எழுதி வைத்துவிட்டேன்.

எதிரணிகளின் சாமான்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு வந்த இடத்தில் எங்கள் ஹெல்மெட் தாடைப் பட்டைகள் இருந்த பெட்டியே விட்டுப்போயிருந்தது. அது என் தவறு. ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது உங்கள் பெட்டியைத் திறந்து "எத்தனை வேண்டும்?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்த ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். நீங்கள் வந்து என் கையைக் குலுக்கினீர்கள்.

வீடியோ எடுக்கக் கோபுரத்தில் ஏறி நின்றவர்கள், ஸ்கோர்போர்டு பார்த்த பள்ளிப் பிள்ளைகள், சாஸேஜ் வாட்டி விற்று பஸ் வாடகைக்குப் பணம் சேர்த்த அம்மாக்கள், ஐஸ் மூட்டை சுமந்தவர்கள், உங்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியூர் ஆட்டத்துக்கு நான் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை முதல் வருடம் மோந்து பார்த்துவிட்டு, மூன்றாம் வருடம் சண்டை போட்டுச் சாப்பிட்ட, முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேன்களே, செய்முறையை அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பெருங்காயத்தை விட்டுவிடாதீர்கள்.

என் கணவருக்கு. ஒன்பது வருடமாக வீட்டுக் கூடத்தில் தோள் கவசம் காய்ந்தது, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நன்றி, நான் இதை நேரில் சொன்னதே இல்லை.

கடைசியாக, சனிக்கிழமை சாவி வாங்கப் போகும் தங்கைக்கு. சின்னச் சாவி மருந்துப் பெட்டிக்கு. பெரியது அறைக்கு. மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொள்ளும், கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்பு. புது ஸ்க்ரூ பாக்கெட் மேல் தட்டில், இடது ஓரம். பிப்ரவரியில் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நல்ல விளக்காக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அவர் உட்காரும் பக்கமாகத் திருப்பி வை.

அன்புடன்,
உங்கள் ட்ஸொய்க்வார்ட்