கயிறு கட்டியவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சூரியநெல்லியில் எல்லோரும் நலம். மழை வலுத்துவிட்டதால் கொழுக்குமலைக்கு ஜீப் டிரிப் குறைவு. ஸ்டாண்டில் பாதி வண்டி தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அரிக்கொம்பனை 2023-ல் பிடித்துக்கொண்டு போனதோடு யானைப் பயம் தீரும் என்றார்கள். எங்கே தீர்ந்தது? இருட்டினால் சின்னக்கானல் பக்கம் பைக்கில் போக இன்னும் யோசிக்கத்தான் செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது. இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங் என்கிறாய். சித்திரைக்கு முன்னால் வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாய். சரி, வேலை அப்படி. எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன், அவன் படம் எடுத்து அனுப்புவான்.

தம்பிதான் உன் போட்டோவைக் காட்டினான். தாம்ஹிணி மலைப்பக்கம் எடுத்ததாமே. நம்ம மலையேதான் வடக்கே அவ்வளவு தூரம் நீண்டு கிடக்கிறது, மழையும் நம்ம ஊர் மழை மாதிரியே தெரிகிறது. படத்தில் உன் மாருதி ஜிம்னி சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பச்சைக் கூர்க்கா ஜீப் கயிறு போட்டு இழுக்கிறது. நீ கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கயிறு இறுகி நிற்கும்போது பக்கத்தில் நிற்காதே. கயிறு எவ்வளவு நீளமோ அதைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில். பெரியப்பாவின் கண்ணை நினைத்துக்கொள், வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

ஆனால் கயிறு கட்டியவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது. பம்பரில் சுற்றாமல் சேசிஸோடு இருக்கும் கொக்கியில் மாட்டியிருக்கிறான். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு மாதிரி கனமாக எதையோ போட்டிருக்கிறான். கயிறு அறுந்தால் அந்தக் கனம் அதைக் கீழே இழுத்துவிடும், ஆள் மேலே பாயாது. இதை நம்ம ஸ்டாண்டிலேயே பாதிப் பேர் செய்வதில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. நல்ல கட்டு என்று மட்டும் சொல்கிறேன்.

தம்பி உன் பழைய படங்களையும் தள்ளித் தள்ளிக் காட்டினான். கடற்கரையில் ஒன்று, பாறை மேல் ஒன்று, பெட்ரோல் பங்கில் டீ குடிப்பது ஒன்று. படத்துக்குப் படம் கூட இருக்கும் வண்டிகள் மாறுகின்றன. அந்தப் பச்சை வண்டி மட்டும் மாறவில்லை. அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் என்ன என்று உனக்குத் தெரியும்.

கூர்க்காவைப் பற்றி விசாரித்தேன். வண்டியைப் பற்றித்தான். பழைய பஜாஜ் டெம்போதான் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய டிராக்ஸ் இருக்கிறதே, அதே வீட்டுப் பிள்ளைதான் கூர்க்கா. எஞ்சின் 2.6 லிட்டர் டீசல், மெர்சிடஸ் வழி வந்தது. 2021-ல் வந்தபோது 90 குதிரைச் சக்திதான், மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் சிரித்தார்கள். 2024-ல் அதை 140 ஆக்கிவிட்டார்கள். முன், பின் இரண்டு டிப்பரன்சியலுக்கும் ஓட்டுகிறவன் தானே போட்டுக்கொள்ளும் லாக், போட்டால் இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும். எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கம்பெனியிலேயே மேலே தூக்கி வைத்துக் கொடுக்கிறார்கள், 700 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்கிறார்கள். உள்ளே பகட்டு குறைவு. விற்பனையும் குறைவுதான். ஊரெல்லாம் வாங்குவதை வாங்காமல் இதைத் தேடிப் போய் வாங்குகிறவன் கொஞ்சம் பிடிவாதக்காரனாக இருப்பான் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். வண்டியைப் பற்றிய பேச்சில் வந்தது, எழுதிவிட்டேன்.

நான் மஹிந்திரா கட்சி, அது ஊருக்கே தெரியும். நீ ஜிம்னி வாங்கியதை புக் பண்ணிய பிறகுதான் சொன்னாய். அது இன்னும் மனசில் இருக்கிறது. அரைக் கிளட்சில் ஏற்றத்தில் நிறுத்திப் பழகியது நம்ம மஹிந்திரா 540 ஜீப்பில்தானே? பீஜோ எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தக் கியரில் வருகிறேன் என்று வாசலில் நின்று சொன்ன பிள்ளை நீ. உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உன்னைக் கொண்டுபோய் விட்டதும் அந்த வண்டிதான். சம்பாத்தியம் வந்ததும் மாருதி என்று போய்விட்டாய். உன் அத்தை, பொம்மை மாதிரி இருக்கிறதே, இதிலா மலை ஏறுகிறாள் என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நான்தான் சண்டை போட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டு சேர்த்துப் பிடித்திருக்கும். ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் அடுத்த சக்கரம் தானாகக் கீழே அமுங்கி மண்ணைப் பிடிக்கும். இப்போதைய தாரில் முன்பக்கம் அந்த ஆக்சில் இல்லை. அதனால் ரோட்டில் சுகமாக இருக்கிறது, சில மேடு பள்ளத்தில் சீக்கிரம் கால் தூக்கிவிடுகிறது. ஆனால் தாருக்குப் பின்னால் மெக்கானிக்கல் லாக் இருக்கிறது. உன் வண்டியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கும் ஏற்பாடுதான். நிதானமாக ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். நீ பயந்து காலை எடுத்திருப்பாய், சரிதானே? அதுவும் தவிர, அஞ்சு கதவு வைப்பதற்காக அந்தச் சின்ன ஜிம்னியை 340 மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறார்கள். தரையிலிருந்து உயரம் 210, தாருக்கு 226. வரப்பு மாதிரி மேட்டைக் குறுக்கே தாண்டினால் வயிறு தட்டும். போட்டோவில் உன் வண்டி உட்கார்ந்திருப்பது சக்கரத்தால் இல்லை, வயிற்றால். அந்த இடத்தில் நேராக ஏறாமல் சாய்வாக ஏறியிருக்க வேண்டும். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

இன்னொன்றும் தம்பி சொன்னான். ஜிம்னிக்காரர்கள், தார்க்காரர்கள் என்று உங்களுக்குள் குழு குழுவாகப் பிரிந்து போனில் வாய்ச்சண்டையாமே. நீ கம்பெனி பெயர் போட்ட பனியன் போட்டிருக்கிறாய். நாங்களும் கட்சி கட்டினோம். எங்கள் கட்சி எங்கிருந்து வந்தது? எந்த வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை உடைந்தால் போடியில் அன்றைக்கே கிடைக்கும், எந்த வண்டியை வெல்டிங் பட்டறைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், அதுதான் கட்சி. பாகம் கிடைக்காமல் நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. உங்களுக்கு வண்டி நின்றால் திங்கட்கிழமை ஆபீஸுக்கு வேறு வண்டி பிடித்துப் போய்விடலாம். அப்படியிருக்கும்போது எதற்கு இவ்வளவு கோபம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

யார் அசல், யார் நகல் என்று வேறு சண்டையாம். மஹிந்திரா சுதந்திரம் வந்த காலத்தில் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்கத் தொடங்கிய கம்பெனி. அதே கம்பெனி அமெரிக்காவில் ராக்ஸார் என்று ஒரு வண்டியை விற்கப் போனதும், ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் 2018-ல் அங்குள்ள வர்த்தக ஆணையத்துக்கு இழுத்தது. எங்கள் முகத்தைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று வழக்கு. 2020-ல் தீர்ப்பும் ஜீப்பின் பக்கம் வந்தது. முகத்தை மாற்றிய பிறகுதான் விற்க விட்டார்கள். என் கட்சியின் கதை இது, நானே சொல்கிறேன். உங்கள் ஜிம்னிக்கும் 1970-லிருந்து கதை இருக்கிறது, நம்ம நாட்டுக்கு ஜிப்ஸியாக 1985-ல் வந்தது. குருகிராமில் செய்யும் அஞ்சு கதவு ஜிம்னியை ஜப்பானில் 2025-ல் அறிவித்ததும் நாலே நாளில் 50,000 ஆர்டர் குவிந்து, இனி வேண்டாம் என்று புக்கிங்கை நிறுத்தினார்களாம். அதைப் படித்துவிட்டு ஸ்டாண்டில் எல்லோருக்கும் சொன்னேன், என் மகளிடம் இருக்கும் வண்டி என்று. உன் எதிரில் சொல்ல மாட்டேன் என்று நினைத்திருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

கம்பத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. மாமாதான் கொண்டுவந்தார். பையன் நல்ல படிப்பு, ஏலக்காய் வியாபாரக் குடும்பம். உனக்குப் பிடிக்கும் என்று மாமா அழுத்தி அழுத்திச் சொன்னது, பையன் தார் வைத்திருக்கிறான் என்பதைத்தான். நான் போய்ப் பார்த்தேன். பையனை இல்லை, வண்டியை. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தார். 2023-ல் அப்படி ஒன்று விலை குறைத்து விட்டார்களே, அதுதான். உருவம் அதே உருவம், கம்பீரம் அதே கம்பீரம், பக்கத்தில் லோ கியர் குச்சி கிடையாது. டவுனுக்கு அது போதும், குறை சொல்லவில்லை. ஆனால் டயர் பக்கவாட்டில் ஒரு கீறல் இல்லை பாப்பா. போடிமெட்டு தவிர எதையும் ஏறியிருக்காது. பொருத்தம் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு என் மேல் கோபம். வண்டியைப் பார்த்தா பிள்ளைக்கு முடிவு செய்வீர்கள் என்று கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்தது அதுதானே.

அதனால் எனக்குத் தெரிந்ததை வைத்தே ஒன்று கேட்கிறேன். உன் ஜிம்னி 1,200 கிலோ இருக்கும். அந்தக் கூர்க்கா இரண்டு டன். நீ மாட்டினால் அது உன்னை இழுத்துவிடும், படத்தில் பார்த்தேன். அது மாட்டினால் நீ என்ன செய்வாய்? உன்னால் அதை இழுக்க முடியாது. நேராக இழுத்தால் உன் கிளட்ச்தான் தீயும். கப்பி வேண்டும், மரம் வேண்டும், மூன்றாவதாக ஒரு வண்டி வேண்டும். இரண்டு பேர் மட்டும் காட்டுக்குள் போகிறபோது இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். யார் முன்னால் போவது, யார் நின்றால் யார் என்ன செய்வது, திரும்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்பாரா. திரும்பலாம் என்று நீ சொல்லும்போது, இன்னும் கொஞ்சம் ஏறிப் பார்ப்போம் என்கிற ஆளோடு போகாதே. இதைப் பேசியாயிற்றா? பேசியிருந்தால் எனக்கு எழுத வேண்டியதில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும். அம்மாவிடம் சொல்வது கஷ்டமாக இருந்தால் தம்பியிடம் சொல்.

சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தால் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடித்துக்கொள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே, உள்ளே தண்ணீர் போயிருந்தால் ராடு வளைந்துவிடும். இறக்கத்தில் லோ கியர், பிரேக்கை நம்பாதே. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்காதே.

மழை விட்டதும், ஆவணியில் லீவு போட்டு வா. புனேயிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக ஓட்டி வர வேண்டாம். கூர்க்கா வருவதாக இருந்தாலும் வரட்டும், நம்ம ஷெட்டில் இரண்டு வண்டி நிற்கும். அந்த எஞ்சினைத் திறந்து பார்க்க எனக்கும் ஆசைதான், ஸ்டாண்டில் எல்லோரும் வருவார்கள். ஆனால் கொழுக்குமலைக்கு அதில் ஏற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடு. மேலே விடுவது ஸ்டாண்டு ஜீப்பை மட்டும்தான், தாரானாலும் ஜிம்னியானாலும் கீழேதான் நிற்க வேண்டும். நம்ம வண்டியில் நான் ஓட்டுகிறேன். முன்சீட்டு அம்மாவுக்கு, முழங்கால் இருக்கிறதே. நீங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா